ஏழாம் எண் டோக்கன்

ஜூன் 2, ஞாயிறு

மரகதம் இன்று காலை ஓசூருக்கு வண்டி ஏறினாள். மகளுக்குப் பிரசவம். போனால் திரும்பி வர மூன்று மாதமாகும். போகும்போது கம்பெனி கொடுத்த இந்த டைரியை என் கையில் வைத்து, "அப்பா என்ன சாப்ட்டாரு, மாத்திர போட்டாரா, வெளிக்குப் போனாரான்னு தெனமும் எழுதி வைங்க. சாயங்காலம் ஃபோன்ல கேப்பேன்" என்றாள். இருபத்தாறு வருடமாகத் தொழிற்சாலையின் டைம் ஆபீசில் உட்கார்ந்து, நூற்று அறுபது பேர் வருவதையும் போவதையும் எழுதுகிறவன் நான். ஒரு மாமனாரை எழுத முடியாதா?

"நான் பாத்துக்கறேன், நீ போ" என்றேன். மார்பை நிமிர்த்திக்கொண்டுதான் சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

மாமா நாச்சிமுத்துவுக்கு வயது எண்பத்தொன்று. அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று வருடமாக நினைவு தடுமாறுகிறது. காலையில் எழுந்ததும் முதல் டிரிப்புக்கு நேரமாகிவிட்டது என்று பரபரப்பார். வெயில் ஏறிய பிறகு அடங்கிவிடுவார். பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள அடுத்த தெருவிலிருந்து தங்கமணி என்கிற அம்மா வருவார். "எட்டு மணிக்கு டான்னு வந்துருவனுங்" என்று சொல்லியிருக்கிறார். நானும் எட்டு மணிக்கு டான் என்று ஆபீசில் இருக்க வேண்டும். வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் இருபது நிமிடம். இந்தக் கணக்கை மரகதம் போன பிறகுதான் போட்டுப் பார்த்தேன்.

இட்லி மூன்று. சுகர் மாத்திரை ஒன்று. வெளிக்கு: ஆம்.

ஜூன் 3, திங்கள்

முதல் நாள் என்று தங்கமணி ஏழரைக்கே வந்துவிட்டார். 7.50க்கு ஆபீஸ்.

நாங்கள் பம்பு செட் செய்கிறோம். எங்களிடம் இன்னும் டோக்கன் பலகைதான். ஒவ்வொருவருக்கும் எண் போட்ட பித்தளை வில்லை ஒன்று. வந்ததும் அதை 'வெளியே' என்ற பக்கத்திலிருந்து எடுத்து 'உள்ளே' என்ற பக்கத்தில் மாட்ட வேண்டும். எட்டு மணிக்குச் சங்கு ஊதியதும் வாட்ச்மேன் ரங்கசாமி கண்ணாடிக் கதவைப் பூட்டிவிடுவார். பிறகு வருகிறவர்கள் என் ஜன்னலுக்கு வந்து தலையைச் சொறிய வேண்டும். மூன்று லேட்டுக்கு அரை நாள் லீவு போய்விடும். இரண்டு வருடம் முன்பு கைரேகை மிஷின் ஒன்றை வைத்துப் பார்த்தார்கள். வைண்டிங் செக்‌ஷனில் செம்புக் கம்பி சுற்றிச் சுற்றிப் பெண்களுக்கு ரேகையே தேய்ந்து போயிருந்தது. மிஷின் அவர்களை ஆளாகவே மதிக்கவில்லை. மறுபடியும் பித்தளைக்கே வந்துவிட்டோம்.

என் எண் ஏழு. இருபத்தாறு வருடத்தில் ஏழாம் எண் ஒரு நாளும் சங்குக்குப் பிறகு உள்ளே வந்ததில்லை. இதை நான் பெருமைக்காகச் சொல்வதில்லை. யாராவது கேட்டால் சொல்வேன். கேட்காவிட்டாலும் சில சமயம் சொல்வதுண்டு.

ஜூன் 4, செவ்வாய்

தங்கமணி பேரனைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டுத்தான் வர முடியுமாம். ஆக, எட்டு என்றால் எட்டுதான். அதுவரை மாமாவைத் தனியாக விட முடியாது. ஆறரைக்கே காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்குக் கிளம்பிவிட்டார்.

"மாமா, உக்காருங்க" என்றேன்.

"ஏனுங், நீங்க எங்க போகோணும்?"

"ஆபீசுக்குங்க."

"அந்த ஸ்டாப்பிங் நமக்கு இல்லீங். கோவில்பாளையம், அன்னூரு, புளியம்பட்டி, சத்தி. ஏறறதுன்னா ஏறுங்க. படியில நிக்காதீங்க, உள்ள போங்க, உள்ள போங்க."

சோபாவில் ஏறி உட்கார்ந்தேன். அவர் சுவரைப் பிடித்து நின்றபடி விசில் கொடுத்தார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏறுகிறவர்களையும் இறங்குகிறவர்களையும் பார்த்துத்தான் வண்டியை எடுக்க விட்டார். நடுவில் இறங்கப் பார்த்தால் சண்டைக்கு வருகிறார். சத்தி போய்ச் சேர்ந்ததும் தங்கமணி வந்துவிட்டார்.

ஆபீசுக்கு 8.27. பலகையைப் பார்த்தால் என் டோக்கன் 'உள்ளே' பக்கத்தில் தொங்குகிறது! நேற்றுச் சாயங்காலம் மாற்றி மாட்ட மறந்திருக்கிறேன். இத்தனை வருடத்தில் முதல் மறதி, அதுவும் நல்ல நாளாகப் பார்த்து வந்திருக்கிறது.

ஜூன் 6, வியாழன்

அன்னூர் வரைதான். தங்கமணி கொஞ்சம் முன்னால் வந்தார். 8.14. டோக்கன் இன்றும் உள்ளே. எனக்கும் மறதி ஆரம்பித்துவிட்டதோ என்னவோ. வீட்டுக்கு ஒருவர் போதும்.

தோசை இரண்டு. வெளிக்கு: இல்லை.

ஜூன் 10, திங்கள்

எச்.ஆர். மேனேஜர் மெர்லின் என்னைக் கூப்பிட்டார். நாகர்கோவில் பெண். வந்து நான்கு மாதமாகிறது. எதையாவது மாற்றாவிட்டால் தூக்கம் வராத வயது.

"சார், வீட்ல நோயாளியையோ வயசானவங்களையோ குழந்தையையோ பாத்துக்கிட்டே வேலைக்கு வர்றவங்க நம்மகிட்ட எத்தனை பேருன்னு தெரியணும். அவங்களுக்கு வேலை நேரத்தை மாத்திக் கொடுக்கலாமான்னு மேனேஜ்மென்ட்ல கேக்கறாங்க."

ஒரு படிவத்தையும் நீட்டினார். ஒன்று: வீட்டில் யாரையாவது கவனித்துக்கொள்கிறீர்களா, ஆம் அல்லது இல்லை. இரண்டு: யாரை, பெயர், வயது. மூன்று: என்ன உதவி தேவை.

"மேடம், ஊட்டுக் கதைய நாமளாக் கேட்டோம்னா நாளைக்கு ஆளுக்கு ஒரு கதையத் தூக்கிட்டு வந்துருவாங்க. இருவத்தாறு வருஷமா ஜன்னல்ல உக்காந்து நான் கேக்காத கதையா?" என்றேன்.

"கேட்டீங்க சரி. நம்புனீங்களா சார்?" என்றார். பதில் சொல்ல வேண்டிய கேள்வி இல்லை என்று விட்டுவிட்டேன்.

ஜூன் 13, வியாழன்

நூற்று அறுபது படிவமும் வந்துவிட்டன. நூற்று அறுபதிலும் 'இல்லை'. மெர்லின் கட்டைப் புரட்டிப் பார்த்து, "இத்தனை வீட்ல ஒருத்தருக்குக்கூடக் காய்ச்சல் வரலையா சார்?" என்று கேட்டார்.

என் படிவத்திலும் 'இல்லை' என்றுதான் போட்டேன். பொய் ஒன்றும் இல்லை. என் வீட்டில் யாரும் யாரையும் கவனித்துக்கொள்ளவில்லை. மாமா டூட்டி பார்க்கிறார், நான் பயணி.

ஜூன் 15, சனி

சத்தி. 8.31. ஆபீஸ் கடிகாரம் வேகமாக ஓடுகிறதா என்று எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொன்னேன். சரியாக ஓடுகிறதாம். அவன் சரியாகப் பார்க்கவில்லை.

ஜூன் 18, செவ்வாய்

மாமா நான்கு நாளாகக் குளிக்க மாட்டேன் என்கிறார். கெஞ்சினேன், அதட்டினேன். கடைசியில், "அன்னூர்ல செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறறாராம் மாமா. யூனிஃபார்ம் அழுக்கா இருக்குது" என்றேன். அடுத்த நிமிடம் குளியலறையில் இருந்தார். முதுகு தேய்த்துவிட்டேன். முதுகெலும்பு கைக்குத் தட்டுகிறது. எங்கள் கல்யாணத்தில் ஒரு மூட்டை அரிசியை ஒரே கையால் தூக்கி வைத்தவர் இவர். சோப்பு போடுகிறபோது திடீரென்று என் முகத்தைப் பார்த்து, "நீங்க நல்ல மனுசனாட்ட இருக்கறீங்க. எந்த ஊருங்?" என்று கேட்டார். "இந்த ஊருதாங்க" என்று சொல்லி, தோளில் தண்ணீர் ஊற்றினேன்.

மரகதத்திடம் சாயங்காலம், "எல்லாம் நல்லபடியாப் போகுது" என்றேன்.

ஜூன் 24, திங்கள்

இன்று ஒரு பெரிய தில்லுமுல்லைக் கண்டுபிடித்தேன்.

8.25க்கு கேட்டுக்கு வெளியே ஒரு வேலையாக நின்றிருந்தேன். ஸ்கூட்டருக்கு ஸ்டாண்டு போடுவதும் வேலைதான். டவுன் பஸ்ஸிலிருந்து வைண்டிங் செக்‌ஷன் வெண்ணிலா இறங்கி, முந்தானையைச் செருகிக்கொண்டு உள்ளே ஓடினாள். ரங்கசாமி கேட்டைத் திறந்துவிட்டு, வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். பலகைக்குப் போய்ப் பார்த்தேன். வெண்ணிலாவின் எண் 112. எட்டு மணிக்குப் பூட்டிய கண்ணாடிக்குள்ளே, 'உள்ளே' பக்கத்தில் ஜம்மென்று தொங்குகிறது.

ஒருவர் டோக்கனை இன்னொருவர் மாட்டுவது சாதாரணக் குற்றம் இல்லை. கம்பெனியின் நிலையாணைப்படி, மாட்டியவருக்கும் மாட்டச் சொன்னவருக்கும் வேலை போய்விடும். நேரத்தைத் திருடுகிறவர்களை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். ஒரே நாள் ஏழரைக்கு அங்கே இருந்தால் போதும்.

என் டோக்கன் இன்றும் உள்ளேதான் இருந்தது. சனிக்கிழமை மறந்திருப்பேன்.

ஜூன் 26, புதன்

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

ஏழே காலுக்கு மாமாவுக்கு டி.வி.யைப் போட்டுவிட்டு, முன்கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பினேன். தங்கமணியிடம் இன்னொரு சாவி இருக்கிறது. முக்கால் மணி நேரம்தானே என்று நினைத்தேன். ஆபீசில் என் டோக்கனை வெளியிலேயே விட்டுவிட்டு, பீரோவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

7.52க்கு வைண்டிங் சபீனா வந்தாள். தன் டோக்கனை மாட்டினாள். பிறகு 112ஐ எடுத்து மாட்டினாள். அடுத்து 119, அது காளீஸ்வரியுடையது. நான் வெளியே வரக் காலை எடுத்து வைத்தேன். அதற்குள் அவள் கை மேல் வரிசைக்குப் போய், ஏழாம் எண்ணை எடுத்து உள்ளே மாட்டிவிட்டது. தினமும் பல் தேய்க்கிறவள் போலச் சாதாரணமாகச் செய்தாள்.

என்னைப் பார்த்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை: "சார், இன்னைக்கு வந்துட்டீங்களா?"

எட்டரைக்கு மூன்று பேரையும் ஆபீசில் நிற்க வைத்தேன். வெண்ணிலாதான் பேசினாள். அவள் கணவருக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டு வர எட்டரை ஆகிறது. காளீஸ்வரியின் மகனுக்கு நடக்க வராது. சிறப்புப் பள்ளி வேன் ஏழே முக்காலுக்கு முன்னால் வராது. சபீனாவின் மாமியார் படுத்த படுக்கை. அவளுக்குக் காலையில் சிரமமில்லை, சாயங்காலம்தான் அரை மணி முன்னால் போக வேண்டும். அப்போது மற்ற இருவரும் அவள் டோக்கனை மாற்றி மாட்டுவார்கள். ஒருத்தி விட்ட வேலையை மற்ற இருவரும் சாப்பாட்டு நேரத்தில் முடித்துவிடுவார்கள்.

"ஒரு நாளு ஒரு காயில் சுத்தறது கொறஞ்சிருந்தா சொல்லுங் சார்" என்றாள் வெண்ணிலா.

"அது கெடக்கட்டும். என் டோக்கன எதுக்கு மாட்டுனீங்க? நான் சொன்னனா?"

காளீஸ்வரி மெதுவாகச் சொன்னாள். "தங்கமணி எனக்குச் சின்னம்மா முறைங் சார். உங்க மாமனாரு சத்தி போனாத்தான் உங்கள எறக்கி விடுவாருன்னு சொல்லுச்சுங். அன்னூருன்னா எட்டே காலு, சத்தின்னா எட்டரைன்னு எங்களுக்கே கணக்குத் தெரியுமுங்."

"டைம் ஆபீஸ்காரரே லேட்டுன்னு பேராயிட்டா நல்லாருக்காதுல்லீங்" என்றாள் வெண்ணிலா. சிரிக்காமல்தான் சொன்னாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் ஃபோன் அடித்தது. தங்கமணி. "மாமா ஊட்ல இல்லீங்! கொல்லக் கதவு தெறந்து கெடக்குதுங்! அக்கம்பக்கம் அரை மணியாத் தேடிட்டனுங்!"

ஸ்கூட்டரை எப்படி ஓட்டினேன் என்று தெரியாது. பஸ் ஸ்டாப், டீக்கடை, கோயில், ரயில்வே கேட். ரயில்வே கேட்டில் இறங்கி, தண்டவாளத்தின் இரண்டு பக்கமும் பார்த்தேன். ஒன்றரை மணி நேரம் தேடினேன். பிறகு ஓசூரிலிருந்து மரகதம் கூப்பிட்டாள். அப்பா சட்டைப் பையில் தன் நம்பரை எப்போதோ எழுதி வைத்திருக்கிறாள்.

"அப்பா காந்திபுரம் ஸ்டாண்டுல டீ குடிச்சிட்டு இருக்காராம். நீங்க எங்க இருக்கீங்க?"

ஒரு டவுன் பஸ்ஸில் ஏறி, எல்லோரையும் உள்ளே போகச் சொல்லியிருக்கிறார். அந்த வண்டியின் கண்டக்டர் நல்ல மனிதர். "சீனியர், நீங்க சீட்ல உக்காருங்க, நான் பாத்துக்கறேன்" என்று கடைசி வரை கூட்டிப்போய் உட்கார வைத்திருக்கிறார். நான் போனபோது மாமா அவரிடம் என்னைக் காட்டி, "இவரு நம்ம ரெகுலர் பேசஞ்சருங்" என்றார்.

திரும்பும் வழியில் ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்தினேன். பின்னால் மாமா உட்கார்ந்திருக்க, நான் அழுதேன். ஐம்பத்து நான்கு வயதில், நடு ரோட்டில். பயந்துபோயிருந்தேன். மூன்று வாரமாகவே பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறேன். எழுதவில்லை, அவ்வளவுதான்.

ஜூன் 27, வியாழன்

லீவு. மரகதத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். "ஏனுங்க, மொத நாளே சொல்றதுக்கென்ன?" என்று மட்டும் கேட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

ரிப்போர்ட் எழுத வேண்டும். எழுதாமலும் விடலாம்; பார்த்தது நான் ஒருவன்தான். ஆனால் இன்றைக்கு நான் கண்ணை மூடிக்கொண்டால், நாளைக்கு வேறு ஒருவர் கண்ணில் படும். அவர் காரணம் கேட்க மாட்டார். மூன்று பெண்களுக்கும் ஒரே நாளில் வேலை போய்விடும். நானாக இருந்தாலும் போன வாரம் கேட்டிருக்க மாட்டேன்.

ஜூன் 28, வெள்ளி

காலையில் வெண்ணிலாவைக் கூப்பிட்டு, ரிப்போர்ட் கொடுக்கப் போகிறேன் என்றேன். முகம் வெளுத்துவிட்டது.

"அவருக்கு ஈ.எஸ்.ஐ. என் வேலையிலதானுங் சார் ஓடுது. வேலை போச்சுன்னா டயாலிசிசும் போச்சுங்."

"மொதப் பேரு என்னோடதுதாம்மா" என்றேன்.

வெண்ணிலா விடவில்லை. "அப்படின்னா உங்க பேர மட்டும் போட்டுக் குடுங்களே சார்." நல்ல யோசனைதான். ஆனால் டோக்கன் தானாக நடந்து போய் ஆணியில் ஏறாது என்று மெர்லினுக்குத் தெரியும்.

ரிப்போர்ட்டை மெர்லின் இரண்டு முறை படித்தார். முதல் வரி: டோக்கன் எண் 7, சென்னியப்பன், டைம் ஆபீஸ், பதினொரு நாள்.

"உங்க ஃபார்ம்ல 'இல்லை'ன்னு போட்டிருந்தீங்களே சார்?"

"வெக்கமா இருந்துச்சுங்க மேடம். லேட்டு போட்டே பேரு வாங்குனவன் நான்." பிறகு தைரியத்தை வரவழைத்துக்கொண்டு சொன்னேன். "அவங்க மூணு பேர வேலைய விட்டு எடுத்தா என்னையும் எடுக்கோணும். என்னைய விடறதுன்னா அவங்களையும் விடோணும். ரெண்டுல ஒண்ணுதாங்க."

முடிவு ஒர்க்ஸ் மேனேஜர் கையில் என்றார். இரண்டு நாள் காத்திருக்க வேண்டும். இட்லி எத்தனை என்று எண்ணவில்லை. மாமா சாப்பிட்டார், நான்தான் சாப்பிடவில்லை.

ஜூலை 1, திங்கள்

யாருக்கும் வேலை போகவில்லை. நான்கு பேருக்கும் ரங்கசாமிக்கும் எச்சரிக்கை மெமோ. மெமோ டைப் அடிப்பது டைம் ஆபீஸ் வேலை. ஆகவே "தங்களுடைய செயல் மிகவும் வருந்தத்தக்கது" என்று எனக்கு நானே அடித்து, நானே கொடுத்து, நானே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். இரண்டு எழுத்துப் பிழை இருந்தது. திருத்தவில்லை.

இன்னொரு உத்தரவும் வந்திருக்கிறது. வீட்டில் கவனிப்புப் பொறுப்பு இருக்கிறவர்கள் படிவம் கொடுத்தால் எட்டரைக்கு வந்து சாயங்காலம் அரை மணி பிந்திப் போகலாம். அல்லது அரை மணி முன்னால் வந்து முன்னால் போகலாம். லேட் கிடையாது. இனி ஒருவர் டோக்கனை இன்னொருவர் தொட்டால் மன்னிப்பும் கிடையாது.

ஜூலை 3, புதன்

இரண்டு நாளாகப் பெட்டியில் ஒரு படிவம்கூட விழவில்லை. எழுதிக் கொடுத்தால் பின்னால் ஆள் குறைக்கும்போது அதையே காரணமாகக் காட்டுவார்கள் என்று பேச்சு. வெண்ணிலாகூட எழுதவில்லை.

"மாதிரிக்கு ஒண்ணு எழுதி ஒட்டுங்க சார்" என்றார் மெர்லின்.

பெயர் மாற்றி எழுதலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். பிறகு உள்ளதையே எழுதினேன். ஒன்று: ஆம். இரண்டு: மாமனார், நாச்சிமுத்து, 81. மூன்று: காலையில் அரை மணி நேரம். மேலே பெரிய எழுத்தில் 'மாதிரி' என்று போட்டு, பலகைக்குப் பக்கத்தில் ஒட்டினேன். சாப்பாட்டு மணி அடித்ததும் அங்கே கூட்டம். நான் ஜன்னலுக்கு உள்ளே குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தேன்.

ஜூலை 5, வெள்ளி

பெட்டியைத் திறந்தால் இருபத்து மூன்று படிவங்கள். ஃபவுண்டரியில் எல்லோரையும் மிரட்டுகிற பழனிவேல் தன் தங்கையைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தார். இருபத்தாறு வருடமாக இவர்கள் அத்தனை பேரும் என் ஜன்னலுக்கு வெளியேதான் நின்றிருக்கிறார்கள்.

நான்கு படிவங்களில் மட்டும் கோளாறு. வெண்ணிலா இரண்டாம் கேள்வியில் கணவர் பெயரை எழுதி, அதற்குக் கீழே 'நாச்சிமுத்து, 81' என்றும் எழுதியிருக்கிறாள். சபீனாவும் அப்படியே, மாமியாருக்குக் கீழே நாச்சிமுத்து. காளீஸ்வரி, மகனுக்குக் கீழே. ரங்கசாமிக்கு வீட்டில் கவனிக்க யாருமே இல்லை. அவரும் 'ஆம்' போட்டு, நாச்சிமுத்து, 81 என்று எழுதியிருக்கிறார். மாதிரியைப் பார்த்து அப்படியே இறக்கிவிட்டார்கள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது.

சிவப்புப் பேனாவுடன் வெண்ணிலாவைக் கூப்பிட்டேன். "ஏம்மா, மாதிரின்னு எத்தன பெருசா எழுதியிருக்கறேன்? அதுல இருக்கற பேரையுமா எழுதுவாங்க?"

"பாத்துத்தானுங் சார் எழுதுனோம்" என்றாள். "பதினோரு நாளு உங்க டோக்கன மாட்டி, அவர நாங்களுந்தானுங்க பாத்துட்டிருந்தோம்?"

பேனாவை மூடினேன். நான்கையும் என் படிவத்தோடு சேர்த்து, கட்டிக்கொண்டு போய் மெர்லினிடம் கொடுத்தேன். அவர் ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"என்ன சார் இது, இந்த ஒரு பெரியவருக்கு அஞ்சு பேரா?"

"ஆமாங்க மேடம்" என்றேன். "அஞ்சு பேரு."